மோதாத இரண்டு தாள்கள்

எனக்குக் கோபம் வர நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை என்று என் கணவர் சொல்வார். ஆனால் இந்தச் சித்திரையில் வந்த கோபத்துக்கு நான் பொறுப்பாக மாட்டேன். அதற்கு முழுப் பொறுப்பும் எங்கள் கல்லூரிதான்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கலை அறிவியல் கல்லூரி. தன்னாட்சிக் கல்லூரி வேறு. தன்னாட்சி என்றால் பல்கலைக்கழகத்தை எதிர்பார்க்காமல் பரீட்சையை நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். நாங்களே என்றால் தனப்பிரியா, அதாவது நான். கணக்குப் பாடம் நடத்த வந்தவளைத் தேர்வுப் பிரிவில் தற்காலிகமாக உட்காரச் சொன்னார்கள். அந்தத் தற்காலிகம் இன்னும் முடிந்தபாடில்லை.

கால அட்டவணையை ஒருவழியாகப் போட்டு முடித்து மூச்சு விட்ட நேரத்தில் முதல்வர் கூப்பிட்டார்.

"தனப்பிரியா, பரீட்சை வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரணும்."

"சார், வெள்ளிக்கிழமை மத்தியானமும் ஒரு பரீட்சை இருக்குதுங்க."

"இருக்கக் கூடாது. தாளாளரோட குலதெய்வத்துக்குக் கும்பாபிஷேகம். தீர்த்தக்குடம் நம்ம மைதானத்துல இருந்துதான் புறப்படுது. பங்காளிங்க தங்கறதுக்கு வகுப்பறைங்க வேணும், பஸ் வேணும், நம்ம ஆளுங்களும் வேணும். ஒரே ஒரு தாள்தானே? காலையிலேயே எங்கயாவது சொருகிடுங்க."

சொருகிடுங்க! கூடைக்குள் கத்திரிக்காயைச் சொருகுவது போல அவருக்கு நினைப்பு. எந்தத் தாளையும் எந்த வேளையிலும் வைத்துவிட முடியாது. இரண்டு தாளையும் எழுத வேண்டியவர் ஒரே ஒருவர் இருந்தாலும் அந்த இரண்டையும் ஒரே வேளையில் வைக்கக் கூடாது. ஒரு பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு மேசையில் உட்கார முடியாது என்பதை ஒரு முதல்வருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கினேன். தலையாட்டிவிட்டு, "அதான், பாத்துச் சொருகுங்க" என்றார்.

எங்கள் பட்டியலை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வரிக்கு ஒரு மாணவர், மூவாயிரத்துக்கும் மேலே. நெடுக்கே பத்திக்கு ஒரு தாள், இருநூற்றுச் சொச்சம். யார் எந்தத் தாள் எழுத வேண்டுமோ அந்தக் கட்டத்தில் ஒன்று என்று இருக்கும். மற்றதெல்லாம் பூஜ்யம். இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வரியிலும் இரண்டிலும் ஒன்று இருக்கக் கூடாது. அப்படி மோதாத பத்திகளைத்தான் ஒரே வேளையில் வைக்கலாம்.

சொல்ல எளிதுதான். ஆனால் வெள்ளி மத்தியானத்திலிருந்து எடுத்து நான் வேறு இடம் தேட வேண்டியிருந்த தாள் நியூமெரிக்கல் மெத்தட்ஸ். இரண்டாம் ஆண்டில் மூன்று துறைகளுக்குப் பொதுவான தாள். அதோடு மூன்றாம் ஆண்டுக்காரர்களில் ஒரு பெரும் கூட்டம் அதில் தேறாமல் அரியர் வைத்திருந்தது. அதை நடத்துகிறவள் நான்தான் என்பதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம்.

ஒவ்வொரு ஜோடிப் பத்திக்கும் மூவாயிரம் வரியையும் மேலிருந்து கீழே பார்க்கும்படி எக்செல்லில் ஒரு சூத்திரம் போட்டேன். தேர்வுப் பிரிவுக் கணினி பொறுமையாக அதை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றுபோனது. திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் வகுப்புக்குப் போய் வந்தேன், சுற்றியது. சாப்பிட்டு வந்தேன், சுற்றியது. கடைசியில் மின்சாரம் போய் அதுவும் முடிந்தது. மேசையை ஓங்கி ஓர் அடி அடித்ததில் என் கைதான் வலித்தது.

கணினித் துறையில் பாடம் நடத்தும் இர்பானா சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். நான் கத்துவதைக் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

"நீங்க தலைகீழாத் தேடுறீங்க மேடம்."

"எப்படித் தேடணும்னு சொல்லு, நேராவே தேடுறேன்."

"தாள் தாளா எடுத்து மூவாயிரம் பேரையும் ஏன் விசாரிக்கிறீங்க? பெரும்பாலும் பூஜ்யத்தைத்தானே பாத்துக்கிட்டிருக்கீங்க. ஒரு பிள்ளையை எடுங்க. அதுக்கு ஆறு, ஏழு தாள்தான் இருக்கும். அந்த ஏழும் ஒண்ணோட ஒண்ணு மோதும், அவ்வளவுதான். அந்த ஜோடிங்களை மட்டும் சிவப்பாக்குங்க. அடுத்த பிள்ளை. கடைசியில எது வெள்ளையா நிக்குதோ அதெல்லாம் மோதாத ஜோடி."

எனக்குச் சுருக்கென்றது. பதினைந்து வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன், இது தோன்றவில்லை. இர்பானா தன் மடிக்கணினியில் பத்துப் பதினைந்து வரியில் அதை எழுதி ஓட்டினாள். நான் டீயை ஆற்றி வாயில் வைப்பதற்குள் முடிந்துவிட்டது. இருநூற்றுக்கு இருநூறு கட்டம் போட்ட படம் ஒன்று வந்தது. நியூமெரிக்கல் மெத்தட்ஸுக்கு நேரே பார்த்தால் ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒரு தாள் சிவப்பாக நின்றது.

"எத்தனை பேர் மோதுறாங்கன்னு காட்டுமா?"

"காட்டாது. இதுக்கு ஆமா, இல்லை ரெண்டுதான் தெரியும். ஒருத்தர் மோதினாலும் ஆயிரம் பேர் மோதினாலும் அதே சிவப்புதான். எத்தனை பேருன்னு உங்களுக்கு எதுக்கு மேடம்?"

நியாயம்தான். எதற்கு?

இதற்கிடையில் முதல்வர் சும்மா இருக்கவில்லை. பெயர்ப் பட்டியலில் சிலருடைய பெயர் இரண்டு முறை வந்திருக்கிறது என்று அலுவலக உதவியாளர் சின்னண்ணனைப் பிடித்துக் காய்ச்சியிருக்கிறார். சின்னண்ணன் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். யார் எந்த ஊர், யாருக்கு யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். மறுநாள் மதியம் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"லிஸ்ட்டைச் சுத்தம் பண்ணிப்போட்டனுங்க மேடம். இனி ஒரு வில்லங்கமும் இருக்காது."

புதுப் பட்டியலைப் போட்டு இர்பானா திரும்பவும் ஓட்டினாள். நியூமெரிக்கல் மெத்தட்ஸுக்கு நேரே சிவப்பாக இருந்ததில் ஒரே ஒரு கட்டம் வெள்ளையாக மாறியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை, மூன்றாம் ஆண்டு கணினி அறிவியலின் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ். அந்த வேளையில் அது ஒன்றுதான் இருந்தது. அதையும் நியூமெரிக்கல் மெத்தட்ஸையும் சேர்த்து எழுதுகிறவர் ஒருவரும் இல்லை!

நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். எல்லாருக்கும் போண்டா வாங்கி வரச் சொன்னேன். முதல்வர், "நான் அப்பவே சொன்னேன்ல, சொருகலாம்னு" என்றபடி கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே அட்டவணை பலகையிலும் ஒட்டப்பட்டு எல்லா வாட்ஸப் குழுவிலும் போய்விட்டது.

ஹால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் கவுண்டரில் ஒரே சத்தம். நான் போய்ப் பார்த்தபோது மோனிஷா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. கண் கலங்கியிருந்தாலும் குரல் கலங்கவில்லை.

"பேரு இல்லைன்னு சொல்றாங்க மேடம். பீஸு கட்டியிருக்கேன், அட்டெண்டன்ஸும் இருக்குது. பேரு எங்க போயிருமுங்க?"

உள்ளே சின்னண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மோனிஷாவைப் பார்த்ததும் உறவுக்காரரின் சிரிப்புச் சிரித்தார்.

"அட, வா சாமி. ஊட்டுல எல்லாம் சௌரியமா?"

"ஏனுங்கண்ணா, இந்தப் பொண்ணு பேரு எங்கே?"

"அதைத்தானுங்களே எடுத்துப்போட்டேன்."

"எதுக்கு?"

"மாசியில கல்யாணம் ஆயிப்போச்சுங்களே மேடம். எனக்கு ஒண்ணுவிட்ட மருமகன்தானுங்க மாப்பிள்ளை. புதுச்சத்திரத்துல மண்டபம். நானே போய்ப் பந்தியில உக்காந்து சாப்பிட்டுப்போட்டு வந்தனுங்க."

"சாப்பிட்டீங்க, சரி. பேரை ஏன் எடுத்தீங்க?"

"கட்டிக் குடுத்த புள்ளைங்க. இனி எங்கீங்க பரீட்சைக்கு வரப்போகுது?"

"இப்ப வந்துதானுங்க நிக்கிறேன்" என்றாள் மோனிஷா.

அதற்கும் அவர் சிரித்தார். அவரிடம் கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வராத பிள்ளைகளுக்கு மேசை போட்டு இடத்தை வீணாக்க வேண்டாம் என்று நல்லதுதான் செய்திருக்கிறார்.

"இன்னும் எத்தனை பேரை இப்படி எடுத்தீங்க?"

"பத்துப் பன்னெண்டு இருக்குமுங்க. எல்லாம் நல்ல நல்ல எடத்துலதான் வாக்கப்பட்டுப் போயிருக்குதுங்க."

"எம்.எஸ்சி. தமிழரசுக்கும் மாசியிலதானே கல்யாணம்? நீங்க அதுக்கும் போயிருப்பீங்களே."

"போனனுங்க. எடப்பாடியில. அங்கயும் பந்தி குறை சொல்ல முடியாதுங்க."

"அவன் பேரு லிஸ்ட்டுல இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அது எப்படி?"

சின்னண்ணன் என்னை உண்மையான குழப்பத்தோடு பார்த்தார். "அவன் பையனுங்களே மேடம்."

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. கவுண்டரில் நின்றிருந்த கூட்டம் மொத்தமும் ஓரடி பின்னால் போனது மட்டும் நினைவிருக்கிறது.

எடுத்த பெயர்களையெல்லாம் வாங்கிக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டேன். ஒருத்தியின் போனை மாமனார் எடுத்தார். ஒருத்தி இனி படிக்கப் போவதில்லை என்றாள், அவளேதான் சொன்னாள், சரி. சௌமியா என்றொருத்தி, கணக்குத் துறையில் எப்போதும் முதல் வரிசையில் உட்காருவாள், அவளும் எடுத்தாள்.

"நேத்தே வந்தனுங்க மேடம். பேரு இல்லைன்னாங்க. சரின்னு ஊட்டுக்கு வந்துட்டேன்."

"ஏம்மா, ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"கேக்கலாமுங்களா மேடம்?" என்றாள்.

நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். மூன்று வருஷம் என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை. சூத்திரம் எல்லாம் தெரியும், கேள்வி கேட்கலாமா என்பது தெரியவில்லை.

பெயர்களைத் திரும்பச் சேர்த்து இர்பானா ஓட்டினாள். வெள்ளையாக இருந்த கட்டம் சிவப்பானது. யாரால் என்று தேடிப் பார்த்தோம். ஒரே ஓர் ஆள்தான், மோனிஷா. அவளுடைய துறையில் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் அரியரை இன்னும் முடிக்காதவள் அவள் ஒருத்திதான். நான் போண்டா வாங்கிக் கொடுத்துக் கொண்டாடிய வெள்ளைக் கட்டம் அவள் வரியை அழித்ததால் வந்தது.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லும்போதே அவள் முகம் மாறியது.

"நவம்பர்ல எழுதிக்கலாமுன்னு சொல்லிராதீங்க மேடம். சேலத்துல ஒரு கம்பெனியில வேலை கெடைச்சிருக்குது. அரியர் இல்லாம முடிச்சிருக்கணும். கல்யாணத்துக்கு உறுதிவார்த்தை பேசுன அன்னிக்கே எங்கப்பா கேட்டுட்டாருங்க, பாஸானா வேலைக்கு அனுப்பறமுன்னு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களும் ஒத்துக்கிட்டாங்க. பாஸாகலைன்னா அந்தப் பேச்சே இல்லைங்க. அதுக்கப்புறம் நவம்பர் வந்தா என்ன, வரலைன்னா என்ன?"

முதல்வரிடம் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, "ஒரு பொண்ணுக்காக அட்டவணையை மாத்தச் சொல்றீங்களா? நவம்பர்ல எழுதட்டுமே" என்றார்.

"அட்டவணையை மாத்த வேண்டாங்க சார். காலையில ஒரு தாள், மத்தியானம் ஒரு தாள். நடுவுல யாரோடயும் பேசாம தனியா உக்காரவெச்சா கேள்வித்தாள் வெளியான பிரச்சினையும் வராது. நம்ம விதியிலேயே இருக்குது, நீங்க கையெழுத்துப் போட்ட விதி."

"மத்தியானம் கும்பாபிஷேக வேலைங்க."

"ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு அறை. கண்காணிப்புக்கு நானே இருக்கேன். குலதெய்வத்துக்கு இடம் பத்தலைன்னா சொல்லுங்க, கழிப்பறைக்குப் பக்கத்துல இருக்குற ஸ்டோர் ரூம்ல உக்காரவெக்கிறேன்."

நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சரி, சரி. தாளாளர் காதுக்குப் போகாமப் பாத்துக்கங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸை மோனிஷா மற்றவர்களோடு எழுதினாள். முடிவதற்கு முன்பே நான் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். மணி அடித்ததும், வெளியே பையில் இருந்த அவள் போனை அணைக்காமல் அப்படியே வாங்கிக்கொண்டு, யாரும் பேச்சுக் கொடுக்காமல் மாடிக்குக் கூட்டிப் போனேன். கொண்டுவந்த தக்காளிச் சோற்றைப் பங்கு போட்டுக்கொண்டோம். பாதி சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள்.

கீழே மைதானம் அதற்குள் கல்லூரி மாதிரியே இல்லை. லாரியிலிருந்து அண்டா குண்டாவை இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜன்னலைப் பார்த்து ஒரு குழாய் ஒலிபெருக்கி. அதில் அம்மன் பாட்டு. நியூமெரிக்கல் மெத்தட்ஸ் கேள்வித்தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னலிலிருந்தே மைக்செட்காரரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, இங்க பரீட்சை நடக்குது. சத்தத்தைக் குறைங்க."

"சாமி பாட்டுங்க மேடம்!"

"சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்கும். குறைங்க."

அவர் சத்தத்தைக் குறைக்கவில்லை. குழாயை மட்டும் முதல்வர் அறைப் பக்கமாகத் திருப்பி வைத்தார். அதுவும் நல்லதுதான்.

அப்போதுதான் மேசை இழுப்பறைக்குள் அவள் போன் அதிரத் தொடங்கியது. 'அத்தை' என்று வந்தது. நின்றது. திரும்பவும் அத்தை. பிறகு 'நாத்தனார்'. பிறகு 'அம்மா'. மறுபடியும் அத்தை. இழுப்பறைக்குள் என் கைக்குட்டையைப் போட்டு அதன்மேல் போனை வைத்தேன். மோனிஷா தலை நிமிரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவருகே ஒரு பையன் வந்து நின்றான். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. மோகன்குமார், அவள் கணவன். தாளாளருக்குப் பங்காளி வீடு. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவன். நான் வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.

"மேடம், ஒரே ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிர்றனுங்க. தீர்த்தக்குடம் புறப்படப் போகுது. புது மருமக எடுக்கணும்னு அம்மா கீழ நிக்கிறாங்க."

"பேசக் கூடாது. பரீட்சை விதி."

"நான் வெளியாளு இல்லீங்களே, புருஷனுங்க."

"புருஷனுக்குன்னு விதியில தனியா ஒண்ணும் இல்லை. மத்தியானம் பரீட்சை இருக்குன்னு உங்ககிட்ட சொல்லலையா?"

தலையைச் சொறிந்தான். "சொன்னாளுங்க. அம்மாகிட்ட நான்தானுங்க சொல்லலை. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

அடக் கடவுளே என்றிருந்தது. ரிக் வண்டிக்காரர்கள் ஆயிரம் அடி துளைத்துத் தண்ணீர் எடுக்கிறார்கள். அம்மாவிடம் ஒரு வாக்கியம் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை.

"இப்பப் போய்ச் சொல்லுங்க. அவ அஞ்சு மணி வரைக்கும் என் காவல்ல இருக்கா, யாராலயும் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு சொல்லுங்க. பழியை என்மேல போடுங்க, நான் வாங்கிக்கிறேன். குடத்தை நீங்க எடுங்க."

"நானுங்களா?"

"தோள் இருக்குதில்ல?"

படியிறங்கிப் போனான். கீழே கொஞ்ச நேரம் ஒரு பெண்குரல் ஓங்கிக் கேட்டது. தொடர்ந்து மேளச் சத்தம் எழுந்தது. கூட்டம் வாசலைத் தாண்டிப் போய் மறைந்தது. இழுப்பறையில் போன் மட்டும் விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. மோனிஷா கூடுதல் தாள் கேட்டாள். கொடுத்தேன். இன்னொன்றும் கேட்டாள்.

ஐந்து மணிக்கு விடைத்தாளை வாங்கி உறையில் போட்டு அரக்கு வைத்தேன்.

"எப்படி எழுதியிருக்கே?"

"பாஸாயிருவனுங்க மேடம்." சந்தேகமே இல்லாமல் சொன்னாள்.

இழுப்பறையைத் திறந்து போனை நீட்டினேன். "இந்தா, கூப்பிட்டுப் பேசு. ஊரே உன்னைத் தேடுது."

அவள் அதைப் பார்த்தாளே தவிர கையை நீட்டவில்லை.

"மேடம், கொஞ்ச நேரம் அது உங்ககிட்டயே இருக்கட்டுங்களா?"

"ஏன், உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

"இல்லீங்க." மேசையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "கல்யாணத்துக்கப்புறம் யாரும் கூப்பிடாம ஒரு எடத்துல உக்காந்திருந்தது இன்னிக்குத்தானுங்க."

போனைத் திரும்ப இழுப்பறையில் வைத்து மூடினேன். அவள் இரண்டு கையையும் மேசைமேல் மடித்து அதில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

நான் விடைத்தாள் உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். வராந்தா பெஞ்சில் மோகன்குமார் உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கத் தோள் முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"முடிஞ்சுதுங்களா மேடம்?"

"இல்லை" என்றேன். "இன்னும் அரை மணி நேரம் இருக்குது."